உப்புக் கொட்டகையில் ஓர் இளையராணி

‘கைம்மை’ என்ற சொல்லை மரக்காணம் உப்பளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் நான். அதற்கு முன்னால் அங்கே அந்தச் சொல் கிடையாது. புருஷன் செத்தவளை எங்கள் சனங்கள் ‘அறுத்தவ’ என்பார்கள். கொஞ்ச காலம் கழித்து அவள் இன்னொருவனைக் கட்டிக்கொண்டால் ‘அறுத்துக் கட்டனவ’ என்பார்கள். இரண்டுமே காதுக்கு இனிமையான சொற்கள் இல்லை. ஆனால் இரண்டாவது சொல் ஒன்று இருந்ததால், முதல் சொல்லோடு ஒருத்தி ஆயுசு முழுக்கக் கிடக்க வேண்டியதில்லை. நான் கொண்டுவந்த சொல்லுக்கு அப்படி இரண்டாவது சொல் எதுவும் இல்லை. கொண்டுவந்தது நான்தான் என்றாலும், அதை வைத்துக்கொண்டு அவர்கள் ஆடிய கூத்துக்கு நான் பொறுப்பாக மாட்டேன். 

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கணக்கில் தோற்று, ஒன்பதாம் வகுப்போடு நின்று, அம்மாவோடும் அக்காவோடும் உப்பளத்துக்குக் கூடை சுமக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஆண்கள் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரி வரப்போரம் சேர்ப்பார்கள். பெண்கள் நாங்கள் அதைக் கூடையில் அள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவோம். விடியுமுன் இறங்கிவிடுவோம். வெயில் ஏறிவிட்டால் பாத்தியைக் கண்கொண்டு பார்க்க முடியாது. அந்த வெள்ளை கண்ணைக் குத்தும். அப்போது கீற்றுக் கொட்டகையில் ஒதுங்கி, கொண்டுவந்ததைச் சாப்பிட்டு, காலில் வெடித்த இடங்களைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு படுத்துக் கிடப்போம். அந்த நேரத்தில்தான் நான் கதை படிப்பேன். எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் எங்கள் கூட்டத்தில் நான் ஒருத்திதான்.

கதை என்றால் ராஜா கதை. வாரப் பத்திரிகை ஒன்றில் வந்துகொண்டிருந்த சரித்திரத் தொடர். பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிற வக்கு எங்களுக்கு ஏது? பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்தவர் கடைக்கு வரவழைப்பார். ஒரு வாரம் அங்கே கிடந்து, ஊரிலுள்ள கையெல்லாம் பட்டு, வடை மடிக்கப் போவதற்கு முந்தின நாள் அது என் கைக்கு வரும். அது வந்து சேர்ந்த கோலத்தை விவரமாகச் சொன்னால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டிய மூலைகள் கறுத்து மடங்கியிருக்கும். மூக்குப்பொடி, பீடிச் சாம்பல், வெற்றிலைச் சாறு, வடை எண்ணெய், எல்லாம் கதைக்குள் கலந்திருக்கும். ஒருமுறை போர்க்களத்துக்கும் அந்தப்புரத்துக்கும் நடுவில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. எதனால் ஒட்டின என்று முகர்ந்து பார்த்தேன். பார்த்த பிறகு பிரிக்கவில்லை. போர்க்களத்தில் சிக்கிய தளபதி எப்படித் தப்பித்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இவ்வளவு அருவருப்பையும் நான் சகித்துக்கொண்டது சொற்களுக்காக. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத சொற்களெல்லாம் அதில் கிடைத்தன. குதிரையைப் புரவி என்றார்கள். சன்னலைச் சாளரம் என்றார்கள். கட்டிலை மஞ்சம் என்றும், வேலைக்காரியைச் சேடி என்றும், உளவு பார்க்கிறவனை ஒற்றன் என்றும் சொன்னார்கள். அகராதி எங்கே போய்ப் பார்ப்பது? ஒரு சொல் நாலைந்து இடத்தில் வந்துவிட்டால் அதுவே தன் அர்த்தத்தைச் சொல்லிவிடும். ஏறினான், தட்டினான், கனைத்தது என்று பின்னாலேயே வந்தால் புரவி வேறென்னவாக இருக்க முடியும். வராத அர்த்தத்தை நாங்களே போட்டுக்கொள்வோம். ‘இளவரசி உப்பரிகையில் உலாவிக்கொண்டிருந்தாள்’ என்று வந்தபோது, அது உப்பு குவிக்கிற மேடுதான் என்று கொட்டகை முழுக்க ஒரே முடிவு. “வெறுங்காலோடயா நடக்குறா? எரியாதா அவளுக்கு?” என்று கேட்டாள் ஒருத்தி. மாடியின் மேல்தளம் என்று எனக்குப் புரிய இன்னும் மூன்று இளவரசிகள் அதில் ஏறி உலாவ வேண்டியிருந்தது.

பெண்களை வர்ணிக்கிற இடம் வந்தால் எனக்கு நாக்கு கசக்கும். ராணி வந்து நின்றாள் என்று சொல்லிவிட்டு மேலே போக அந்த ஆசிரியரால் முடியாது. கழுத்தில் ஆரம்பித்து அடி அடியாக இறங்கி, இடை வரும்போது உட்கார்ந்துவிடுவார். மின்னலிடை, துடியிடை, கொடியிடை, இருக்கிறதா இல்லையா என்று காண்போர் ஐயுறும் இடை. இதையெல்லாம் நான் யாருக்குப் படித்துக்கொண்டிருந்தேன்? கூடை சுமந்து சுமந்து கழுத்து உள்ளே போனவர்களுக்கும், இடுப்பில் உப்புத்தண்ணீர் வழிந்து வழிந்து தோல் உரிந்தவர்களுக்கும். கொட்டகையின் அந்தப் பக்கத்தில் ஆண்கள் படுத்திருப்பார்கள். இடை வந்தால் அவர்கள் பக்கம் குறட்டை நின்றுவிடும். நான் அந்தப் பத்தியை அப்படியே விழுங்கிவிட்டு, ‘அப்போது ஒற்றன் ஒருவன் வந்தான்’ என்று தாவிவிடுவேன். குறட்டை மறுபடி கேட்கும்.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலு வயது பெரியவள். அப்பாவின் அக்கா மகனுக்குத்தான் அவளைக் கொடுத்திருந்தது. அதனால் எங்கள் அத்தையே அவளுக்கு மாமியார். அத்தான் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை பார்த்தார். திண்டிவனம் ரோட்டில் லாரி கவிழ்ந்து, மூட்டைகளுக்கு அடியில் போய்விட்டார். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, குழந்தையும் இல்லை. அக்கா அழுதாள், அறுத்தாள், மறுபடி கூடையைத் தூக்கினாள். அத்தை வீட்டிலேயே இருந்து, அவளுக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் கழிந்தபின் பக்கத்துப் பாத்தியில் வேலை பார்த்த ஒருவர் அக்காவைக் கேட்டு வந்தார். பெருமுக்கல் பக்கத்து ஆள், சீசனுக்கு உப்பளத்துக்கு வந்தவர். எல்லோரும் அவரைப் பெருமுக்கல்காரர் என்றுதான் கூப்பிடுவோம். புதுப் பாத்தியை மிதித்து மிதித்துத் தரையை இறுக்குகிற வேலை அவருக்கு. அதிகம் பேசமாட்டார். முறைப்படி தன் அண்ணனோடு வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் கேட்டார். எங்களில் இது வழக்கம்தான், யாரும் முகம் சுளிக்கிற விஷயமில்லை. எங்கள் அத்தையே முதல் புருஷன் செத்து, இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு பெற்ற மகன்தான் அந்த அத்தான். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துச் சிரித்தாள். ஆடி கழியட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு முடிந்தது. அத்தை வெற்றிலையை எடுத்து மென்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தொடரில் ராஜா செத்தார். போரில் நெஞ்சில் வேல் வாங்கிச் செத்தார். கொட்டகையில் மூக்கைச் சிந்தாத ஆள் இல்லை. மூன்று வாரம் கழித்து, ‘இளையராணி கைம்மை நோன்பை ஏற்க மறுத்தாள்’ என்று ஒரு வரி வந்தது. எங்களோடு கூடை சுமக்க வரும் அத்தை, படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“கைம்மைன்னா என்னாடி?”

நான் மூன்று வாரமாக அந்தச் சொல்லைத் துரத்திக்கொண்டிருந்தேன். மூத்தராணி ஏற்றுக்கொண்டதை வைத்து அர்த்தத்தைப் பிடித்திருந்தேன். பெருமையாகவே சொன்னேன். “புருஷன் செத்தப்புறம் பூ வைக்காம, பொட்டு வைக்காம, உப்பில்லாத சோறு தின்னுக்கிட்டு, வேற ஆம்பளைய நெனைக்காம, சாகற வரைக்கும் அப்டியே இருக்கறது.”

“உப்பில்லாமயா?” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

“அப்ப இந்த ராணி ஏன் மாட்டேங்குறா?”

“அவ நெருப்புல எறங்கப் போறா அத்த.”

இறங்கினாள். அதற்கு மட்டும் ஆசிரியர் ஒரு வாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். கற்புக்கனல், பத்தினித் தெய்வம், மாசறு பொன், குலக்கொழுந்து என்று சொற்களை அள்ளி அள்ளிக் கொட்டியிருந்தார். வேகிற பெண் வேகிற மாதிரி ஒரு வரி அதில் இல்லை. மயிர் கருகுகிற வாடை இல்லை, கத்தல் இல்லை. சந்தனம் மணந்ததாம். புன்னகை மாறவில்லையாம். உப்பளத்தில் ஒருமுறை கீற்றுக் கொட்டகை பற்றிக்கொண்டு உள்ளே இருந்த கன்றுக்குட்டி செத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டு நாள் யாராலும் அந்தப் பக்கம் போக முடியவில்லை. இருந்தும் அன்றைக்குச் சந்தனம் மணந்தது என்று நான் படித்ததும் அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.  எனக்கு எதிரில் அக்கா உட்கார்ந்து கால் வெடிப்பில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எல்லோர் கண்ணும் மெல்ல அவள் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன்.

அந்த வாரப் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். சிவப்பு மை மட்டும் சேர்த்து அச்சடித்த படம். தீக்கு நடுவில் இளையராணி. ஆடை நெகிழ்ந்து, கண் பாதி மூடி, சாகப் போகிற நேரத்திலும் ஓவியர் அவளை நிம்மதியாக நிற்க விடவில்லை. மார்பைத்தான் முதலில் வரைந்திருப்பார் போலிருந்தது. தொடைப் பக்கம் பெரிதாக ஒரு வடை எண்ணெய்க் கறை. அத்தை அந்தப் படத்தை என்னிடமிருந்து வாங்கி, மடியில் வைத்து, வெகுநேரம் பார்த்தாள்.

மறுநாள் அது கொட்டகைக் கம்பத்தில் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. நெற்றியில் குங்குமம். கீழே ஒரு செங்கல், அதன்மேல் அகல் விளக்கு. எண்ணெய்க் கறையைக் காட்டி, “பாரு, அம்மன் எண்ண கேக்குது” என்றாள் அத்தை. அது வடை எண்ணெய் என்று நான் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் தீப்பாய்ந்த அம்மன்கள் ஊருக்கு ஊர் உண்டு. எந்தக் காலத்திலோ எந்தப் பாவியோ வெந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசியிருப்பார்கள். அதனால் எங்கள் சனங்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. போன வாரம்வரை பத்திரிகையில் நடமாடியவள் இந்த வாரம் சாமியாகிவிட்டாள். அவ்வளவுதான். மேஸ்திரியும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டு ஒரு பொட்டலம் கற்பூரம் கொடுத்தான்.

விளக்கு யார் ஏற்றுவது என்ற பேச்சு வந்தது. அத்தை கேட்காமலே முடிவு செய்து வைத்திருந்தாள். “இவதான் ஏத்தணும். இவளும் கைம்மைதான. அந்த ராணி மாதிரி மாசு மருவு இல்லாதவ” என்று அக்காவின் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தாள். மாசு. மருவு. அத்தை ஆயுசில் வாயில் போட்டிராத சொற்கள், என் வாய்க்குள்ளிருந்து எடுத்து மென்று துப்பியவை. அக்கா முதல் நாள் சும்மா ஏற்றினாள். விளக்கு ஏற்றுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள். இரண்டாம் நாள் அவள் தலையிலிருந்த கனகாம்பரத்தை அத்தை தன் கையாலேயே உருவி, படத்துக்கு வைத்தாள். அதற்கு அடுத்த நாள் ஒருத்தி அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், திருநீறு பூசிவிடு என்றாள். அக்காவுக்கு எரிச்சலில் முகம் சிவந்துவிட்டது.

அத்தையின் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. மகன் போய்விட்டான். மருமகளும் பெருமுக்கலுக்குப் போய்விட்டால் அந்தக் குடிசையில் அவளுக்கு ஒரு வாய் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆளில்லை. அதை அவள் அப்படியே சொல்லியிருந்தால் நானே அழுதிருப்பேன். போகாதே, எனக்கு யாருமில்லை என்று சொல்வதற்கு வாய் வராமல், பத்தினி, கற்பு, குலக்கொழுந்து என்று அடுத்தவன் சொல்லால் ஒரு பெண்ணைக் கம்பத்தில் கட்டிப் போடுகிறாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விஷயம் பெருமுக்கல்வரை எட்டியது. அவருடைய அண்ணன் வந்து அப்பாவைத் தனியே கூப்பிட்டு, “சாமி எறங்கன பொண்ணுன்னு சொல்றாங்க. எங்க குடும்பத்துக்கு ஒத்து வருமா?” என்று இழுத்தார். அப்பா தன் அக்காவின் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழகாதவர். “பாக்கலாம்” என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று அக்கா சாப்பிடவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. அடுத்த வாரப் பத்திரிகையைப் பிரித்தேன். அதில் வேறு ஏதோ நாட்டில் வேறு ஏதோ சதி நடந்துகொண்டிருந்தது. நான் கண்ணைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு என் பாட்டுக்குப் படித்தேன். இளையராணி சாகவில்லை. சிதைக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதை இருந்தது. விசுவாசமான சேடி ஒருத்தி அதன் கதவைத் திறந்து வைத்திருந்தாள். ராணி புகைக்குள் மறைந்து, பாதை வழியே வெளியேறி, கடற்கரையில் புரவியோடு காத்திருந்த படைத்தலைவனை அடைந்தாள். இருவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். புரவி, சேடி, சாளரம், நாழிகை, மஞ்சம், கற்று வைத்திருந்த எல்லாவற்றையும் இறக்கினேன். ஆசிரியரைவிட நன்றாகவே இருந்தது என்று சொல்வேன். ராணிக்கு இடை என்ற ஒன்றை நான் வைக்கவே இல்லை.

நான் படித்து முடித்தேன். அக்கா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் மனசு மாறும், ராணியே கட்டிக்கொண்டாள் இவள் கட்டிக்கொண்டால் என்ன என்பார்கள் என்று காத்திருந்தேன்.

“சீ” என்றாள் ஒருத்தி.

“புருசன் சாம்பல் ஆறல, அதுக்குள்ள இன்னொருத்தனா?”

இதைச் சொன்னவள் அறுத்துக் கட்டியவள். அவள் இரண்டாவது புருஷன் பத்தடி தூரத்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் தங்கையும் அறுத்துக் கட்டியவள்தான், அவளும் தூ என்று துப்பினாள். ராணி அப்படிச் செய்யக் கூடாதாம். ஒருத்தி எழுந்துபோய்ப் படத்தைக் கம்பத்திலிருந்து பிய்த்தாள். வாய்க்காலில் எறியப் போனவளைத் தடுத்து, அத்தை அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். பிறகு அக்காவின் தலையைத் தடவி, “ராணி கெட்டாக்கூட எம் மருமவ கெடல. இவதாண்டி நெசமான பத்தினி” என்றாள். நான் அவிழ்க்கப் போய் முடிச்சு இன்னும் இறுகியது.

அதோடு விடவில்லை அவள். மறுநாள் அந்தப் பத்திரிகையை என் பையிலிருந்து எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய், கடைக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சுரங்கமும் இல்லை, படைத்தலைவனும் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் கொட்டகைக்கு வந்து என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. எல்லோர் முன்னாலும், “எங்க பத்தினி மேல அபாண்டமா பழி போட்டவ இவ. இவ வாயி அழுவிப் போவும்” என்றாள். இனி நான் படிக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. படம் முன்னைவிடப் பெரிய குங்குமத்தோடு கம்பத்துக்குத் திரும்பியது. அம்மா என்னைப் பார்த்து, “ஒனக்கு ஏண்டி இந்த வேல” என்றதோடு சரி.

“நீயும் ரெண்டாவது கட்டனவதான அத்த?” என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அத்தை பதற்றப்படவே இல்லை. “அப்ப எனக்கு இதெல்லாம் தெரியாதுடி. சொல்லித்தர ஆளில்ல” என்றாள். என்னைப் பார்த்து, சாந்தமாகச் சொன்னாள். 

ஆடி வெள்ளி வந்தது. அன்றைக்கு அக்கா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று அத்தை ஏற்பாடு செய்திருந்தாள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொல்கிற சத்தியத்தை எங்களில் யாரும் மீற மாட்டார்கள். மீறினால் வம்சம் தழைக்காது என்பார்கள். இன்னொருவனுக்குக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று அக்கா அன்று சொல்லிவிட்டால் பெருமுக்கல்காரர் மட்டுமல்ல, எவனும் அவள் வாசலில் வந்து நிற்க மாட்டான். அப்பா அன்று வேலைக்கே வரவில்லை. பக்கத்துப் பாத்தி ஆட்களும் சாப்பாட்டு நேரத்துக்கு எங்கள் கொட்டகைக்கு வந்து, ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பெருமுக்கல்காரரின் அண்ணனும் ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் பக்கத்தில் பெருமுக்கல்காரரும் இருந்தார். தூக்குச் சட்டியைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு, சோற்றில் கை வைக்காமல் இருந்தார்.

செங்கல்மேல் கற்பூரம் எரிந்தது. பெண்கள் சுற்றி நின்றார்கள். அக்காவை முன்னால் தள்ளினார்கள். காலையிலிருந்து சுமந்த உப்பு அவள் கழுத்திலும் தோளிலும் காய்ந்து வெளுத்திருந்தது.

“அடி. இளையராணி மேல சத்தியம் பண்ணு” என்றாள் அத்தை.

அக்கா கற்பூரத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. அன்றும் போடவில்லை.

“அவ வெந்தா கத, அத்த. நான் வெந்தா நாத்தம். நீயே மூக்கப் பொத்திக்குவ.”

“என்னாடி சொல்ற?”

“எனக்குப் பசிக்குது.”

திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஆண்கள் பக்கம் நடந்தாள். எங்கள் கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும்தான் சாப்பிடுவோம். ஓர் ஆளின் தூக்குச் சட்டியில் கை வைக்கிற உரிமை அவன் பெண்டாட்டிக்கு மட்டும்தான். தாயும் வைக்கமாட்டாள், தங்கையும் வைக்கமாட்டாள். அத்தனை பேர் பார்க்க அங்கே போய் ஒருத்தி கை வைத்துவிட்டால், பிறகு தாலி கட்டுவதெல்லாம் பந்தல்காரனுக்கு வேலை கொடுக்கத்தான். அக்கா பெருமுக்கல்காரருக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவர் தூக்கை இழுத்து, சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அவர் ஒருமுறை தன் அண்ணன் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து தூக்கை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

“முள்ளு இருக்குது, பாத்து” என்றார்.

கற்பூரம் அதுபாட்டுக்கு எரிந்து அணைந்தது. பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த இடத்துக்கு என்ன சொல் என்று கேட்கிற மாதிரி இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னிடம் எதுவும் இல்லை. ஒன்றரை வருஷமாக நான் பொறுக்கிச் சேர்த்ததில் மஞ்சமும் மாலையும் மையலும் இருந்தன, அடுத்தவன் சட்டியில் மீன்குழம்புச் சோறு தின்கிறவளுக்கு எதுவும் இல்லை.

அத்தை வாயைத் திறந்தாள். பத்தினி என்பாளோ, குலக்கொழுந்து என்பாளோ என்று பயந்தேன். அந்தச் சொற்களுக்கு அக்காவால் பதில் சொல்லவே முடிந்ததில்லை. புகழ்ந்து கட்டிப்போடுகிறவர்களிடம் என்ன பேசுவது?

“தூ, மானங்கெட்ட சிறுக்கி” என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, “நான் எங்கடி போவேன், எனக்கு யாருடி இருக்கா” என்று அழ ஆரம்பித்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது. இது எங்கள் பேச்சு. இதற்குப் பதில் உண்டு.

அக்கா மெல்லுவதை நிறுத்தவில்லை. வாயிலிருந்து ஒரு முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

“ஆமா, மானங்கெட்டவதான்” என்றாள். “பெருமுக்கல்ல நீயும் வந்து இருந்துக்க, யாரு வேணாங்குறா. இப்ப எந்திரி அத்த, வந்து ஒரு வாய் துன்னு.”